ஒரு தடவை கேட்டால் போதாது: பேரிடருக்குப் பிறகு மக்களின் அனுபவங்களைப் பல வருடம் பின்தொடர்ந்து ஆய்வு செய்ய முழுமையான வழிகாட்டி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை தாலுகாக்களில் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்ய வருகிற மாணவர்கள் நிறைய. எம்.எஸ்.டபிள்யூ., எம்.ஏ., பிஎச்.டி. என்று வருகிறார்கள், ஒரு வாரம் மூணாறிலோ குமுளியிலோ அறை எடுத்துத் தங்குகிறார்கள், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்கிப் பேட்டி எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் வெள்ளம், மண்சரிவு, ஊரடங்கு போன்ற ஒன்றைக் கடந்து வந்தவரிடம் ஒரே ஒரு தடவை பேசினால், அந்த ஒரு நாளில் அவருக்கு என்ன தோன்றியதோ அது மட்டும்தான் கையில் இருக்கும். முதல் மாதத்தில் சொல்வதும் ஒரு வருடம் கழித்துச் சொல்வதும் மூன்றாம் வருடம் சொல்வதும் வேறு வேறாக இருக்கும். இதில் எது உண்மை என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள், அது மாறிய விதத்தைப் பிடிப்பதற்குத்தான் இந்த ஆய்வு முறையே இருக்கிறது.

ஒரு உதாரணம் போதும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே ராஜமலை பக்கம் பெட்டிமுடியில் மலை இடிந்து லயங்கள் மேல் விழுந்து 70 பேர் போனார்கள். மின்சாரமும் இல்லை, போன் தொடர்பும் இல்லை, அடுத்த நாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. அன்றைக்கே சாயங்காலம் கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரில் விமான விபத்து. அங்கே இறந்தவர்கள் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்த நிவாரணம் 10 லட்சம், பெட்டிமுடிக்கு அறிவித்தது 5 லட்சம். இப்போது யோசித்துப் பாருங்கள். 7ஆம் தேதி காலையில் பேசியவருக்கு அது மழையும் மலையும் செய்த இழப்பாக மட்டும் இருந்திருக்கலாம். சில நாள் கழித்து அதே ஆளுக்கு அது "எங்க உயிருக்கு என்ன விலை" என்ற கேள்வியாக ஆகியிருக்கலாம். புது வீடு கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் அதன் பிறகு இன்னும் வேறாக ஆகியிருக்கலாம். ஒரே ஒரு பேட்டி இதில் எந்தக் கட்டத்தைப் பிடிக்கும்?

அதே ஆட்களிடம் வருடக்கணக்கில் சுற்றுச் சுற்றாகத் திரும்பப் போய்ப் பேசும் இந்த முறையை நெடுங்காலப் பண்புசார் ஆய்வு என்கிறார்கள். பிரிட்டனில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து 2007இல் தொடங்கிய டைம்ஸ்கேப்ஸ் திட்டம் இதற்கு ஒரு பெரிய முன்னோடி. முறை அங்கே வளர்ந்தது என்றாலும், நம் பக்கத்துக்கு ஏற்றபடி மாற்றித்தான் செய்ய வேண்டும்.

1. கேள்வியை வினைச்சொல்லாக வையுங்கள்

"பேரிடரால் ஏற்பட்ட பாதிப்புகள்" என்று தலைப்பு வைத்தால் பட்டியல்தான் வரும். வீடு போச்சு, வேலை போச்சு, படிப்பு போச்சு. அதற்கு ஒரு தடவை போனாலே போதும். "ஊரடங்கில் வேலை இழந்த தேனி மாவட்ட ஏலத்தோட்டப் பெண்கள் அடுத்த இரண்டு வருடத்தில் கடனை எப்படிச் சமாளித்தார்கள்" என்று வைத்தால் காலம் கேள்விக்குள்ளேயே வந்துவிடும். சமாளித்தார்கள், விட்டுக்கொடுத்தார்கள், திரும்பிப் போனார்கள், நம்பிக்கை இழந்தார்கள் என்று கேள்வியில் ஒரு வினை இருக்கட்டும், அது மாறக்கூடிய வினையாகவும் இருக்கட்டும்.

நெருக்கடி எது என்பதையும் நீங்களே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். 2020 மார்ச் 25இல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது தமிழ்நாடு, கேரள எல்லையில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி செக்போஸ்ட்கள் மூடின. கம்பம், தேவாரம், போடி பக்கத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறிப் போய்க் கூலி வாங்கி வந்தவர்களுக்கு நெருக்கடி கிருமியா, மூடிய கேட்டா? ஆளுக்கு ஆள் பதில் மாறும். முதல் சுற்றுப் பேட்டியிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

2. எப்போது ஆரம்பிப்பது

உடல்களைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஒலிப்பதிவுக் கருவியோடு போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. முதல் சில வாரங்களில் போனால் வேலை செய்யப் போங்கள்: முகாமில் பேர் எழுதிக் கொடுங்கள், மனு எழுதிக் கொடுங்கள், மலையாளத்தில் வந்த படிவத்தைத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் அப்போது காதில் விழுந்ததை ஆய்வுத் தரவாக எழுதக் கூடாது, அதற்கு அவர்கள் சம்மதம் தரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளில் பேரிடர்க் கால ஆய்வுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. உங்கள் கல்லூரி நெறிமுறைக் குழுவிடம் போவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

தாமதமாக ஆரம்பித்தால் "அதற்கு முன்னால் எப்படி இருந்தது" என்பது கிடைக்காதே என்று கவலை வரும். உண்மைதான், பேரிடருக்கு முந்தைய பேட்டி யாரிடமும் இருக்காது. அதற்குத்தான் நிகழ்வு நாட்காட்டி.

ஒரு பெரிய சார்ட் தாளை எடுத்துக் குறுக்கே வருடங்களைப் போடுங்கள். மேலே எல்லோருக்கும் தெரிந்த நிகழ்வுகளைக் குறியுங்கள். மூணாறு பக்கம் என்றால் 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் சங்கத் தலைவர்களைத் தள்ளி வைத்துவிட்டுத் தாங்களே ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் ஒற்றுமைப் போராட்டம், 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனது, 2018இல் குறிஞ்சி பூத்ததும் அதே வருடம் ஆகஸ்டில் வெள்ளம் வந்ததும், 2020 ஊரடங்கும் பெட்டிமுடியும். ஏலத்தோட்டப் பக்கம் என்றால் 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறில் வேலையை விட்டுக் கீழே இறங்கி ஓடி வந்தது, 2018 ஆகஸ்ட் 9 அன்று 26 வருடம் கழித்து இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை ஷட்டர் திறந்தது, 2019 ஆகஸ்டில் ஏல விற்பனையில் ஏலக்காய் விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. கீழே கட்டங்களை விட்டு வையுங்கள். வீடு, வேலை, கடன், பிள்ளைகள் படிப்பு, உடம்பு, யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று அவர்களே சொல்லச் சொல்ல நீங்கள் குறியுங்கள். "2018இல் உங்கள் கடன் எவ்வளவு" என்று கேட்டால் முழிப்பார்கள். "குறிஞ்சி பூத்தப்ப பெரியவன் எத்தனாவது படிச்சான், ஃபீஸ் எப்படிக் கட்டினீங்க" என்று கேட்டால் கடன், வட்டி, யாரிடம் வாங்கியது எல்லாம் தானாக வரும். இந்தத் தாளை ஒவ்வொரு சுற்றுக்கும் கொண்டு போங்கள். முதலில் எழுதியதை அழிக்காமல் வேறு நிறப் பேனாவில் அடுத்த சுற்றில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் முதல் சுற்றில் சொல்லாத எந்த விஷயம் மூன்றாம் சுற்றில் வெளியே வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

3. யாரிடம், எத்தனை பேர்

15 முதல் 20 பேர் போதும். நான்கு சுற்று போனால் 60, 80 பேட்டி ஆகிவிடும், தனி ஆளாகச் செய்யும்போது அதற்கு மேல் தாங்காது. இந்த எண்ணிக்கை மாவட்டத்தையே பிரதிநிதித்துவம் செய்யுமா என்று யாராவது கேட்டால், செய்யாது, அதற்கு இந்த ஆய்வு இல்லை என்று நேராகச் சொல்லுங்கள்.

நன்றாகப் பேசுகிறவர்களையே ஊர் உங்களிடம் அனுப்பும். சங்கக் கிளைச் செயலாளர், வார்டு மெம்பர், ஏற்கெனவே டிவியில் பேசியவர். அவர்களையும் கேளுங்கள், ஆனால் அவர்களோடு நிறுத்தினால் ஏற்கெனவே வந்த செய்தியைத்தான் திரும்ப எழுதுவீர்கள். ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டியவர்கள், மாமியாரோடு ஒரே அறையில் இருக்கும் புது மருமகள், தற்காலிக வேலையில் இருப்பவர், நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப் போனவர், இப்போது தோட்டங்களில் நிறைய இருக்கும் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள், ஊரை விட்டே போய்விட்டவர்கள், இவர்களைத் தேடிப் போங்கள். ஊரை விட்டுப் போனவர்கள் மிக முக்கியம். சங்கரன்கோவில், ராஜபாளையம் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பியவர்களை விட்டுவிட்டால், தங்கியவர்கள் கதையே மொத்தக் கதையாகிவிடும்.

நடுவில் ஆட்கள் கைவிட்டுப் போவார்கள், அதற்கு முதல் நாளே ஏற்பாடு வேண்டும். ஒவ்வொருவரிடமும் அவர் எண், கீழே ஊரில் ஒரு சொந்தக்காரர் எண், பிள்ளைகள் ஒருவர் எண் என்று மூன்று வாங்குங்கள். அந்தச் சொந்தக்காரரிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விலகிப் போனவர்களைத் துரத்தாதீர்கள், ஆனால் எப்போது, எந்தச் சூழ்நிலையில் விலகினார் என்று குறித்து வையுங்கள்.

4. சம்மதம்

முதல் நாள் கையெழுத்து வாங்கியதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் முதலிலிருந்து கேட்க வேண்டும், ஏனென்றால் ஆறு மாதத்துக்கு முன் சரி என்றவருக்கு இப்போது கேஸ் நடந்துகொண்டிருக்கலாம், மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கலாம். "போன தடவை சொன்னதுல எதையாவது எடுத்துடணுமா?" என்ற கேள்வியைக் கண்டிப்பாகக் கேளுங்கள், எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

எஸ்டேட்டுக்குள் நுழைய மேனேஜ்மெண்ட் அனுமதி தேவைப்படும், சங்கத்தின் ஒப்புதலும் நல்லது. ஆனால் மேனேஜர் ஜீப்பில் போய் இறங்கினீர்கள் என்றால் அந்த ஆய்வு அன்றோடு முடிந்தது, நீங்கள் கம்பெனி ஆள் என்றே கடைசிவரை நினைப்பார்கள். பஸ்ஸிலோ எல்லோரும் போகிற ஷேர் ஜீப்பிலோ போங்கள். அதே மாதிரி உங்களை அரசாங்க ஆள் என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். "நான் வீடு வாங்கித் தர முடியாது, பட்டியலில் பேர் சேர்க்க முடியாது" என்று முதல் ஐந்து நிமிடத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள், இரண்டாவது, மூன்றாவது சுற்றிலும் சொல்லுங்கள். நம்பிக்கை மெதுவாக வளரும், அதோடு எதிர்பார்ப்பும் வளரும்.

5. சுற்றுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி

சரியாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று காலண்டர் பார்த்துப் போவதைவிட, அவர்கள் வாழ்க்கை திரும்பும் இடங்களில் போவது நல்லது. இடவப்பாதி மழை பிடிக்கும் ஜூனுக்கு முன் ஒரு தடவை, மழைக்கு நடுவில் முடிந்தால் ஒரு தடவை, பள்ளிக்கூடம் திறந்து செலவு வந்தபின் ஒரு தடவை, நிவாரணமோ வீடோ கொடுத்தபின் ஒரு தடவை. மழை நாளில் பேசினால் பயத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், மேலே இருக்கும் மேட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள், ராத்திரி தூங்குவது எந்த அறையில் என்பது மாறியிருக்கும், முக்கியமான காகிதங்கள் ஒரு பையில் வாசல் பக்கம் வந்திருக்கும். வெயில் நாளில் அதே ஆள் "அதெல்லாம் மறந்தாச்சு" என்பார். இரண்டையும் எழுதுங்கள்.

நினைவு நாளன்று பேட்டி வைக்காதீர்கள். கேமராக்கள் வரும் நாள் அது. போவதானால் மெழுகுவத்தி ஏற்றப் போங்கள்.

6. பேட்டி எடுக்கும் விதம்

கொழுந்து அதிகம் வரும் சீசனில் வார நாளில் யாருக்கும் நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பு, கோயில், சர்ச், கடைவீதி எல்லாம் முடிந்து மதியத்துக்கு மேல் உட்காரலாம். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும், கடன் பற்றியோ வீட்டு ஆம்பளையின் குடி பற்றியோ அங்கே வைத்துக் கேட்காதீர்கள். "தேயிலைக்குள்ள ஒரு நடை போயிட்டு வரலாமாக்கா" என்று கேளுங்கள். நடந்துகொண்டே பேசுவதில் இன்னொரு லாபம், இந்த இடத்தில்தான் வீடு இருந்தது, இந்த வழியாகத்தான் ஓடினோம் என்று இடமே ஞாபகத்தை எடுத்துக் கொடுக்கும். ஆனால் இழப்பு நடந்த இடத்துக்கு நீங்களாக அழைத்துப் போகக் கூடாது, அவர்களாகக் கூட்டிப் போனால் போங்கள்.

முதல் கேள்வி விபத்து நடந்த இரவைப் பற்றியதாக இருக்கக் கூடாது. "நீங்க இங்க வந்தது எப்படி, தாத்தா காலத்துல இருந்தா?" என்று ஆரம்பித்தால் மூன்று தலைமுறை வரும், அதற்குள் அந்த இரவு அவர்கள் விரும்பும் இடத்தில் வரும். இரண்டாம் சுற்றிலிருந்து முதல் கேள்வி எப்போதும் இதுவாக இருக்கட்டும்: "போன தடவ நான் வந்துட்டுப் போனதுக்கப்புறம் என்னென்ன நடந்துச்சு? எங்க இருந்து ஆரம்பிச்சாலும் சரி." எல்லாச் சுற்றிலும் மாறாமல் கேட்க நான்கு ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை முந்தைய பேட்டியிலிருந்து வரட்டும்.

முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் முட்டும் இடத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். "அன்னைக்கு வேற மாதிரி சொன்னீங்களே" என்று கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும், வாய் மூடிக்கொள்ளும். "போன மழைக்கு அப்புறம் பேசினப்ப மேஸ்திரி மேல உங்களுக்குக் கோவம் இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். மாற அனுமதி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அழுதால் ஒலிப்பதிவை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுங்கள், சும்மா இருங்கள். தொடரலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். மனநல உதவிக்கு மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, கேரள அரசின் திசா உதவி எண் 1056. இவற்றை ஒரு சீட்டில் தமிழில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வாருங்கள், அழுதவருக்கு மட்டும் கொடுத்தால் அது ஒரு முத்திரை குத்தியது போல ஆகிவிடும். உங்களுக்கும் அந்த எண் பயன்படும். பேட்டி எடுப்பவருக்கும் தூக்கம் போகும், ஒரு நாளில் இரண்டு பேட்டிக்கு மேல் வைக்காதீர்கள்.

7. இடைப்பட்ட மாதங்கள்

சுற்றுகளுக்கு நடுவில் நடப்பதைப் பிடிக்க நாட்குறிப்பு கேட்கலாம். எழுதச் சொன்னால் பெரும்பாலும் நின்றுபோகும், வாட்ஸ்ஆப் குரல் பதிவு நடக்கும். வாரத்துக்கு ஒரு கேள்வி போதும்: "இந்த வாரம் எதை நினைச்சுக் கவலைப்பட்டீங்க, எது கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு?" எஸ்டேட்டின் உட்பிரிவுகளான டிவிஷன்கள் பலவற்றில் சிக்னல் கிடையாது, அதனால் வீட்டில் பதிவு செய்து வைத்துக்கொண்டு டவுனுக்கு வரும்போது அனுப்பச் சொல்லுங்கள். டேட்டா ரீசார்ஜ் செலவை நீங்கள் ஏற்க வேண்டும். வந்த பதிவைக் கணினிக்கு மாற்றிவிட்டு உங்கள் போனிலும் அவர்கள் போனிலும் அழியுங்கள், வீட்டில் ஒரே போனைப் பல பேர் பார்ப்பார்கள்.

படங்களும் உதவும். 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் கிராமத்துப் பெண்கள் கையில் கேமராவைக் கொடுத்து அவர்களையே படம் எடுக்க வைத்தார்கள், அங்கிருந்து வளர்ந்ததுதான் ஒளிப்படக் குரல் முறை. இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. அவர்கள் எடுத்த ஐந்து படங்களை முன்னால் வைத்து "ஏன் இதை எடுத்தீங்க?" என்று கேட்டாலே ஒரு பேட்டிக்கு ஆயிற்று. அடுத்தவர் முகம் இருந்தால் அச்சுக்குப் போகக் கூடாது.

8. எழுதி வைத்தல்

அன்றைய குறிப்பை அன்றிரவே எழுதுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் ஆகும். 18 பேர், 4 சுற்று, ஒரு மணி நேரப் பேட்டி ஒவ்வொன்றுக்கும் சராசரி 5 மணி நேரம் என்று வைத்தால் 360 மணி நேரம். இதைத் திட்டத்திலேயே போடாதவர்கள்தான் கடைசியில் பாதிப் பேட்டிகளைக் கேட்காமலேயே ஆய்வை எழுதுகிறார்கள். அடுத்த சுற்றுக்குப் போவதற்கு முன் முந்தைய சுற்று முழுக்க எழுதி, படித்து முடித்திருக்க வேண்டும். பேசியதைப் பேசியபடி எழுதுங்கள், மலையாளம் கலந்தால் கலந்தபடியே, திருத்தாதீர்கள்.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். சின்ன டிவிஷனில் "மூன்று பேரைப் பறிகொடுத்த ஓய்வு பெற்ற தாத்தா" என்றால் ஊருக்கே தெரியும். எஸ்டேட் பெயர், வயது, இழப்பின் எண்ணிக்கை இவற்றில் எதை மாற்றலாம் என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். தன் பெயரே வர வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், அதையும் மதித்து, கடைசிச் சுற்றில் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

9. பகுப்பாய்வு

விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம், எக்செல் போதும். வரிசைக்கு ஒரு ஆள், பத்திக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பேட்டியின் சாரம் ஐந்தாறு வரி, கூடவே அவர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம். பிறகு இரண்டு விதமாகப் படியுங்கள். குறுக்காகப் படித்தால் ஒரு ஆளின் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று தெரியும். மேலிருந்து கீழாகப் படித்தால் அந்த மாதத்தில் எல்லோர் மனதிலும் என்ன ஓடியது என்று தெரியும்.

ஆய்வு முறைகள் பற்றி எழுதும் ஜானி சல்டானா 2003இல் இதற்குக் கேள்விகள் வகுத்துக் கொடுத்திருக்கிறார், என் அனுபவத்தில் இதைவிடக் கைக்கு அடக்கமான கருவி இல்லை. சுற்றுக்குச் சுற்று எது கூடியது, புதிதாக எது முளைத்தது? எது குறைந்தது, நின்றுபோனது? எது மாறாமல் நின்றது? எந்த இடத்தில் திருப்பம்? எது காணாமல் போனது? கடைசிக் கேள்வியில் அதிக நேரம் செலவழியுங்கள். உதாரணத்துக்கு, முதல் இரண்டு சுற்றில் ஒருவர் வாயைத் திறந்தாலே கம்பெனி பற்றித்தான் பேசினார், மூன்றாம் சுற்றில் அந்தச் சொல்லே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கோபம் ஆறியதா, மகனுக்கு அங்கேயே வேலை கிடைத்ததா, பேசாதே என்று யாராவது சொன்னார்களா? குறிப்புப் புத்தகம், நாட்காட்டித் தாள், அந்த மாதத்துக் குரல் பதிவு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில சமயம் பதில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் காரணம் தெரியவில்லை என்றே எழுதுங்கள், நான்காம் சுற்றில் பக்குவமாகக் கேளுங்கள்.

பின்னால் வந்த பேட்டியை வைத்து முந்தைய சாரத்தைத் திருத்தவே கூடாது. "ஓ, அவர் அன்றைக்குச் சொன்னதன் அர்த்தம் இதுதானா" என்று தோன்றினால் தேதி போட்டுத் தனிப் பத்தியில் எழுதுங்கள். முதல் சுற்றில் உங்களுக்குப் புரியாமல் போனதும் ஆய்வின் பகுதிதான்.

10. முடிப்பது

எத்தனை சுற்று என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், கடைசிக்கு முந்தைய சுற்றில் ஞாபகப்படுத்துங்கள். இரண்டு வருடம் வந்து போனவர் திடீரென்று வராமல் போனால், ஏற்கெனவே ஆட்களை இழந்தவர்களுக்கு அது இன்னொரு இழப்பு. கடைசிச் சுற்றில் எக்செலில் உள்ள அவரவர் வரிசையை அவரவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மறுத்தால் மறுப்பையும் சேர்த்து எழுதுங்கள். முடிவுகளைத் தமிழில் நாலு பக்கத்தில் அச்சடித்து, ஊர்க் கூட்டத்தில் வாசித்து, மலையாளத்தில் ஒரு பிரதியைப் பஞ்சாயத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் கொடுங்கள். சாதிச் சான்றிதழுக்கோ பட்டாவுக்கோ அலைகிறவர்களுக்கு அந்த நாலு பக்கம் மனுவோடு இணைக்கவாவது உதவும்.

ஒலிப்பதிவின் ஒரு பிரதியைக் கேட்கிற குடும்பத்துக்குக் கொடுங்கள், இறந்துபோன பெரியவர் குரல் அதில் மட்டும் இருக்கலாம். உங்களிடம் உள்ள பிரதியை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், யார் கேட்கலாம், எந்தத் தேதியில் அழிப்பீர்கள் என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தத் தேதி வந்ததும் அழித்துவிட்டு, போன் செய்து அழித்தாயிற்று என்று சொல்லுங்கள்.